பழைய ஆம்பை வைத்துக்கொண்டே ஹை-ரெஸ் ஸ்ட்ரீமிங்: எந்த வழி யாருக்குச் சரி?

நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று வீட்டில் இருக்கிறது, ஸ்பீக்கரும் இருக்கிறது, ஆனால் பாட்டெல்லாம் போனுக்குப் போய்விட்டது. இரண்டையும் தரம் குறையாமல் எப்படிச் சேர்ப்பது? இந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறவர்கள் பலரும் இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒன்று, சில நூறு ரூபாய் ப்ளூடூத் ரிசீவர். இல்லையென்றால் பழைய ஆம்பைக் கழித்துக் கட்டிவிட்டு நெட்வொர்க் வசதியோடு புது ஆம்ப். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை என்பதுதான் என் கட்சி. நடுவில் மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றில் எது உங்களுக்கு என்பது உங்கள் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

உங்கள் ஆம்ப் மரான்ட்ஸோ யமஹாவோ, அப்பா காலத்துச் சோனோடைனோ, எதுவாகவும் இருக்கட்டும். பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருந்து, அவற்றின் மேல் ஆக்ஸ், சிடி, டியூனர், டேப் என்று ஏதாவது ஒன்று எழுதியிருந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பொருந்தும்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

பாட்டு எங்கிருந்து வருகிறது. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் பலரும் கருவியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கிறார்கள். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்தால் எங்கு பார்த்தாலும் டைடல், கோபஸ் என்ற பாட்டுச் சேவைகள்தான் இருக்கும். அவை இரண்டும் இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. இங்கே ஹை-ரெஸ் (அதாவது சிடியைவிட உயர்ந்த தரம்) என்று சந்தா கட்டிக் கேட்க முதலில் நிற்பது ஆப்பிள் மியூசிக். 2021-இலிருந்து 24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ் வரை (ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறார்கள் என்பதன் அளவு இது, சிடி 16 / 44.1) கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் அனுப்பும் முறை) பக்கம் வந்தது, அதுவும் 24 பிட் / 44.1 வரைதான். ஜியோசாவன் 320 கேபிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். இவை போக, சிடியிலிருந்து எடுத்த, காசு கொடுத்து இறக்கிய ஃப்ளாக் (தரம் இழக்காத கோப்பு வகை) கோப்புகள் சொந்தமாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் கதை தனி.

அந்தத் தரம் ஆம்ப் வரை வந்து சேர்கிறதா. ஆப்பில் "ஹை-ரெஸ் லாஸ்லெஸ்" என்று காட்டினால் அது சர்வரிலிருந்து போன் வரைக்குமான செய்தி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனின் உள் மென்பொருள், வைஃபையிலோ ப்ளூடூத்திலோ அனுப்பும் முறை, டிஜிட்டலை அனலாக் ஆக்கும் டேக் என்று மூன்று படி இருக்கிறது. எந்தப் படி மிகக் குறைவோ அதுதான் உங்கள் காதுக்கு வரும்.

வீட்டில் மற்றவர்களால் பாட்டுப் போட முடியுமா. உங்கள் போன் இல்லாமல், உங்களைக் கேட்காமல், அம்மாவால் காலையில் சுப்ரபாதம் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கருவி சில வாரங்களில் மூலைக்குப் போய்விடும்.

எத்தனை வருஷம் ஓடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆம்ப் 25, 30 வருஷம் உழைக்கும். ஸ்ட்ரீமிங் மென்பொருளுக்கு அந்த ஆயுள் இல்லை. லாஜிடெக்கின் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் கருவி 2012-இல் நிறுத்தப்பட்டது, அதற்குத் துணையாக இருந்த இணையச் சேவையை 2024-இல் மூடினார்கள். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்தது, 2019-இல் நின்றது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க அந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன, கூகுள் அப்டேட் அனுப்பிய பிறகுதான் எழுந்தன. கருவியில் ஒரு பழுதும் இல்லை. ஸ்ட்ரீமிங் வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத்திலிருந்து லாஸ்லெஸ்ஸுக்குப் போகும்போது வித்தியாசம் தெரியும். சிடி தரத்திலிருந்து 24/192-க்குப் போகும்போது தெரிகிற வித்தியாசம் மிகச் சிறியது, பலருக்குத் தெரிவதே இல்லை. நான் கேட்கும் பழைய தமிழ்ப் படப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆப்பிள் மியூசிக்கில் வெறும் "லாஸ்லெஸ்" என்றுதான் இருக்கிறது. அதாவது ஹை-ரெஸ் பதிப்பே அங்கே இல்லை. அதனால் 192 என்ற எண்ணுக்காக மட்டும் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தரவுக் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃப்ளாக்கில் ஒரு மணி நேரப் பாட்டு சிடி தரத்தில் ஏறக்குறைய 400 எம்பி, 24/96-இல் 1.2 ஜிபி, 24/192-இல் இரண்டு ஜிபிக்கு மேல். வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இது ஒன்றுமில்லை. மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்களுக்குத் தினசரி ஒதுக்கீடு ஒரு கச்சேரியிலேயே காலி.

## ப்ளூடூத் ரிசீவர்

சிடியின் தரவு வேகம் 1,411 கேபிபிஎஸ். ப்ளூடூத்தில் எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி முறை ஏறக்குறைய 328 வரைதான் போகும். சோனியின் எல்டாக் 990 வரை போகும், ஆனால் போன், ரிசீவர் இரண்டிலும் அது இருக்க வேண்டும், ஐபோனில் அது கிடையாது. போதாக்குறைக்கு வாட்ஸ்அப் சத்தமும் ஸ்பீக்கரில் வரும், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும்.

விருந்தாளி வந்து "என் போனில் ஒரு பாட்டு இருக்கு" என்றால் இது வசதிதான். ஹை-ரெஸ் வேண்டும் என்பவருக்கு இது வழியே இல்லை.

## போன் அல்லது லேப்டாப், கூடவே ஒரு யுஎஸ்பி டேக்

செலவு குறைவு, ஆப்பிள் மியூசிக் கேட்பவர்களுக்கோ இதுதான் மிகச் சுத்தமான வழி. காரணம் எளிது. பெரும்பாலான ஸ்ட்ரீமர் பெட்டிகளில் ஆப்பிள் மியூசிக் நேரடியாக ஓடாது, ஏர்ப்ளே (வைஃபையில் பாட்டு அனுப்பும் ஆப்பிளின் முறை) மூலம்தான் அனுப்ப வேண்டும், ஏர்ப்ளே சிடி தரத்தைத் தாண்டாது. ஆனால் ஐபோனிலோ ஐபேடிலோ யுஎஸ்பி டேக்கைச் செருகினால், பாட்டு 96 என்றால் 96-லேயே, 192 என்றால் 192-லேயே போகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: செட்டிங்ஸில் மியூசிக் பகுதிக்குப் போய், ஆடியோ குவாலிட்டியில் ஹை-ரெஸ் லாஸ்லெஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது.

ஆண்ட்ராய்டில் இவ்வளவு சுலபமில்லை. எல்லா ஆப்களின் சத்தத்தையும் கலக்கும் அதன் உள் மிக்சர் பொதுவாக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் வெளியே விடும். ஆண்ட்ராய்டு 14-இல் மாற்றாமல் அனுப்ப வழி திறந்துவிட்டார்கள், ஆனால் அதை அந்தந்த ஆப் பயன்படுத்தினால்தான் பலன். சொந்த ஃப்ளாக் கோப்புகள் என்றால் யுஎஸ்பி ஆடியோ ப்ளேயர் ப்ரோ என்ற ஆப் மிக்சரை ஒதுக்கிவிட்டு நேராக டேக்குக்குக் கொடுத்துவிடும். மேக் கணினியில் பாட்டுக்குப் பாட்டு கிலோஹெர்ட்ஸ் தானாக மாறாது, ஆடியோ மிடி செட்டப்பில் போய்க் கையால் மாற்ற வேண்டும்.

டேக்குக்குப் பெரிய செலவு வேண்டாம். அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி அடாப்டருக்குள்ளேயே 24/48 வரை போகும் ஒழுங்கான டேக் இருக்கிறது. ஒரு 3.5 மிமீ – ஆர்சிஏ கேபிள் போட்டால் ஆம்பில் பாட்டு வந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் இதே அடாப்டரைப் போட்டால் சத்தம் குறைவாக வருவதுண்டு, அதை மட்டும் கவனியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு: போன் கம்பியில் கட்டுண்டு கிடக்கும். பாட்டு ஓடும்போது சார்ஜும் ஏற வேண்டுமென்றால் தனி ஹப் வேண்டும். இதற்காகப் பழைய ஐபேட் ஒன்றை நிரந்தரமாக ஆம்ப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றும், நல்ல யோசனைதான். ஆனால் வருஷக்கணக்காகச் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய பேட்டரி உப்ப வாய்ப்பு உண்டு. திரை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

இது யாருக்கு: தனியாக உட்கார்ந்து கேட்பவர், ஐபோன் வைத்திருப்பவர், ஆப்பிள் மியூசிக் சந்தா உள்ளவர். வீட்டில் எல்லோரும் போடவேண்டும் என்றால் இது சரிப்படாது.

## ராஸ்பெரி பை

கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இதைவிடத் திருப்தியான வழி இல்லை. ராஸ்பெரி பை என்பது உள்ளங்கை அளவுக் கணினி. அதன் 40 பின் வரிசைமேல் ஹைஃபைபெரி மாதிரி ஒரு டேக் பலகையைக் குத்திவிட்டால் அதிலிருந்தே ஆர்சிஏ கம்பி எடுத்து ஆம்புக்குக் கொடுக்கலாம். டேக்2 ப்ரோ பலகை 24/192 வரை போகும். 44.1 குடும்பத்துக்கும் (44.1-உம் அதன் மடங்குகளும்) 48 குடும்பத்துக்கும் தனித்தனி கடிகாரம் அதில் இருப்பதால் எந்தப் பாட்டும் அதன் சொந்த வேகத்திலேயே ஓடும். பை 4 வரையிலான பெரிய பலகைகளில் இருக்கும் 3.5 மிமீ துளையை மட்டும் தொடாதீர்கள், அது இசைக்கு லாயக்கில்லை. பை 5-இல் அந்தத் துளையே கிடையாது.

பெரிய பலகை தேவையும் இல்லை. 2021-இல் 15 டாலருக்கு வந்த ஜீரோ 2 டபிள்யூ இந்த வேலைக்குப் போதும். மென்பொருளில் மூட் முழுக்க இலவசம். வொலுமியோவில் அடிப்படைப் பதிப்பு இலவசம், சில சேவைகளுக்குச் சந்தா. மூன்றாவது பிகோர்ப்ளேயர், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். காரணம் கரன்ட். ராஸ்பெரி பை மைக்ரோ எஸ்டி கார்டிலிருந்து ஓடுகிறது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம், அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டும். பிகோர்ப்ளேயர் துவங்கியதும் முழுக்க ராமுக்குள் ஏறிக்கொள்வதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கினாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று மழைக்காலத்தில் தெரியும்.

மேலே சொன்ன ஸ்க்வீஸ்பாக்ஸின் மிச்சக் கதையும் இங்கேதான் இருக்கிறது. நிறுவனம் கைவிட்ட பிறகும் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை எடுத்து, லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் வளர்க்கிறார்கள். பிகோர்ப்ளேயர் அதோடு சேர்ந்துதான் ஓடுகிறது. எந்தக் கம்பெனி மூடினாலும் உங்கள் பாட்டு நிற்காது என்ற உறுதி இந்த வழியில் மட்டும்தான் இருக்கிறது.

செலவைச் சொல்லும்போது பலரும் பலகையின் விலையை மட்டும் சொல்கிறார்கள். டேக் பலகை, நல்ல பவர் அடாப்டர், கார்டு, பெட்டி எல்லாம் சேர்த்துப் பாருங்கள், கடையில் கிடைக்கும் ஸ்ட்ரீமருக்குக் கிட்டே வந்துவிடும். அதற்கு மேல் உங்கள் நேரம். வைஃபை பாஸ்வேர்டு மாற்றினால் அதைப் போய்ச் சொல்லவேண்டியது நீங்கள்தான், அப்டேட்டில் ஏதாவது உடைந்தால் சரிசெய்ய வேண்டியதும் நீங்கள்தான். ஆப்பிள் மியூசிக் இதிலும் ஏர்ப்ளே வழியாகத்தான் வரும், சிடி தரம்தான்.

இது யாருக்கு: ஃப்ளாக் கோப்புகள் நிறைய வைத்திருப்பவர், லினக்ஸ் கட்டளை இரண்டைப் பார்த்துப் பயப்படாதவர்.

## தனி ஸ்ட்ரீமர் பெட்டி

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வைஃபையிலோ ஈதர்நெட்டிலோ பாட்டை வாங்கி, ஆர்சிஏ வழியாக ஆம்புக்குக் கொடுக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. உதாரணத்துக்கு வீம் (WiiM) என்ற பிராண்டையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விலையில் அதிகம் பேசப்படுவது அதுதான். ப்ரோ அமெரிக்காவில் 149 டாலருக்கு வந்தது, ப்ரோ ப்ளஸ் 219, திரை வைத்த அல்ட்ரா 329. இங்கே வரி சேர்ந்து கூடும்.

இதன் முக்கிய குணம், போன் வெறும் ரிமோட்தான். ஸ்பாட்டிஃபை கனெக்டில் பாட்டைத் தட்டிவிட்டால் பெட்டியே இணையத்திலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும். நீங்கள் போனோடு கடைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், போன் வந்தால் பாட்டு நிற்காது, வீட்டில் யார் போனிலிருந்தும் அடுத்த பாட்டை மாற்றலாம். ரிமோட்டில் பிடித்த ரேடியோவையோ பாட்டுத் தொகுப்பையோ ஒரு பட்டனில் பதிந்து வைத்தால், பெரியவர்கள் ஆப் பக்கமே போக வேண்டாம். ப்ரோவுக்கு ரிமோட்டைத் தனியாக வாங்க வேண்டும், அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

சொந்தக் கோப்புகள் இருந்தால், கணினியிலோ நாஸிலோ (வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி) டிஎல்என்ஏ சர்வர் (கோப்புகளை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருள்) ஒன்றை ஓடவிட்டு 24/192 வரை கேட்கலாம். கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் இங்கே ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்: கேப்லெஸ், அதாவது டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடுவது. கச்சேரி சிடிகளில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் எல்லாம் தனித்தனி டிராக்காக வெட்டியிருக்கும், ஆனால் இசை தொடர்ச்சியானது. கேப்லெஸ் இல்லாத ஆப்பில் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புரா ஒரு நொடி அறுந்து மறுபடி வரும். 192-இல் கேட்டு என்ன பயன், அந்த ஒரு நொடி மொத்தத்தையும் கெடுத்துவிடும். வீம் ஆப்பின் வழியாகப் போட்டால் தொடர்ச்சியாக வரும். குரோம்காஸ்ட் மூலம் அனுப்பினால் பல ஆப்களில் இடைவெளி விழும்.

குறைகளும் இருக்கின்றன. ஆப்பிள் மியூசிக்கை ஹை-ரெஸ்ஸில் கேட்க முடியாது. அல்ட்ராவில் ஏர்ப்ளேவே கிடையாது, ஐபோன் வீடுகள் விலையைப் பார்த்து மேல் மாடலுக்குப் போகும்முன் இதைக் கவனிக்க வேண்டும். வீம் மினி என்ற சின்ன மாடலில் ஈதர்நெட் இல்லை, கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டி ரவுட்டர் இருக்கும் வீட்டில் அது தலைவலி. ஸ்பாட்டிஃபை லாஸ்லெஸ் வேண்டுமென்றால் நீங்கள் வாங்கும் மாடல் அதை எடுக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் விலை குறையும், வாரண்டி கிடைக்காது.

ஆப்பிள் மியூசிக், ஹை-ரெஸ், தனிப் பெட்டி மூன்றும் சேர்ந்தே வேண்டும் என்றால் எவர்சோலோ டிஎம்பி-ஏ6 மாதிரி ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஆப்பையே நிறுவிக்கொள்ளலாம், மிக்சரையும் தாண்டிப் போகும். ஆனால் விலை வீம் ப்ரோவைப் போலப் பல மடங்கு. அந்தப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்றினால் வித்தியாசம் இன்னும் நன்றாகக் கேட்கும்.

## ஆம்பையே மாற்றுவது

நெட்வொர்க் உள்ளேயே இருக்கும் ஆம்ப் வசதியானது, கம்பி குறைவு, ரிமோட் ஒன்று. வீம் ஆம்ப் 299 டாலருக்கு வந்தது, 8 ஓமில் சேனலுக்கு 60 வாட், டிவியின் சத்தத்தை வாங்க எச்டிஎம்ஐ ஆர்க்கும் உண்டு. பெரிய பெயர்களிலும் நிறைய இருக்கின்றன.

என் எதிர்ப்பு ஒரே காரணத்தால்தான். நீண்ட நாள் உழைக்கும் பொருளையும் சீக்கிரம் பழசாகும் பொருளையும் ஒரே பெட்டிக்குள் பூட்டுகிறோம். சேவை ஒன்று நின்றாலோ ஆப்புக்கு அப்டேட் வராமல் போனாலோ, தனிப் பெட்டி என்றால் அதை மட்டும் மாற்றலாம். இங்கே ஆம்ப் நன்றாக இருக்கும்போதே அதன் பாதி பயனில்லாமல் போகும்.

ஆனால் உங்கள் பழைய ஆம்பில் வால்யூம் திருகினால் கரகரப்பு, ஒரு பக்கம் அவ்வப்போது சத்தம் போய்ப் போய் வருவது, ஸ்பேர் கிடைக்காத நிலைமை என்றால் கணக்கு மாறும். அதைப் பழுதுபார்க்கும் செலவையும் ஸ்ட்ரீமர் விலையையும் கூட்டிப் பாருங்கள், புதிய ஆம்பே சிக்கனமாக இருக்கலாம். சின்ன ஹால், டிவியும் பாட்டும் ஒரே ஸ்பீக்கரில் வேண்டும் என்பவர்களுக்கும் இதுவே சரி.

## ஒரே பார்வையில்

| வழி | எட்டும் தரம் | ஆப்பிள் மியூசிக் | வீட்டில் மற்றவர்கள் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ப்ளூடூத் ரிசீவர் | சிடிக்கும் கீழே | சுருக்கப்பட்டு வரும் | சுலபம் | தரமே போய்விடுவது |
| ஐபோன் + யுஎஸ்பி டேக் | டேக்கைப் பொறுத்து 24/192 வரை | முழுத் தரம் | சிரமம் | ஹப், பேட்டரி |
| ராஸ்பெரி பை | 24/192 | சிடி தரம் வரை | செய்து வைப்பவரைப் பொறுத்தது | உங்கள் நேரம் |
| ஸ்ட்ரீமர் பெட்டி | 24/192 | சிடி தரம் வரை, மாடலைப் பார்க்கவும் | சுலபம் | ரிமோட், வாரண்டி |
| புதிய நெட்வொர்க் ஆம்ப் | பெரும்பாலும் 24/192 | மாடலைப் பொறுத்தது | மிகச் சுலபம் | சீக்கிரம் பழசாவது |

## இணைக்கும்போது

எதை வாங்கினாலும் போனோ (Phono) என்று எழுதிய சாக்கெட்டில் மட்டும் செருகாதீர்கள். அது ரெக்கார்ட் ப்ளேயருக்கானது, சிக்னலைப் பல மடங்கு பெருக்கும், பேஸையும் தூக்கிவிடும். பாட்டு வெடித்துக்கொண்டு கேட்கும். ஆக்ஸ், சிடி, டியூனர் எதில் வேண்டுமானாலும் போடலாம், மூன்றும் ஒன்றுதான்.

ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாக வைத்து, அதை நிலையாகப் பூட்டிவிட்டு, ஆம்பின் குமிழில் ஏற்றி இறக்குங்கள். முதல் முறை போடும்போது ஆம்ப் வால்யூமை அடிமட்டத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இந்தப் பெட்டிகள் இரண்டு வோல்ட் வரை தருகின்றன, பழைய டேப் டெக் கொடுத்ததைவிட அது அதிகம். குமிழ் கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் இடத்தைத் தாண்டும் முன்பே சத்தம் தாங்கவில்லை என்றால் பெட்டியின் அவுட்புட் அளவைக் குறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பை இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்றுப் பிரச்சினை, கேபிளை மாற்றிப் பயனில்லை. ஆம்பில் ஆப்டிகல் துளை இருந்தால் அதன் வழியாகக் கொடுங்கள், கண்ணாடியிழையிலும் பிளாஸ்டிக் இழையிலும் மின்சாரம் போகாது, இரைச்சல் அங்கேயே அறுந்துவிடும். ஆப்டிகலில் 24/96 வரை கவலையில்லாமல் போகலாம், 192 சில ஆம்ப்களில் எடுக்காது. ஆப்டிகல் இல்லாத பழைய ஆம்ப் என்றால், பேட்டரியில் ஓடும் லேப்டாப்போ இரண்டு பின் அடாப்டரில் ஓடும் சின்ன ஸ்ட்ரீமரோதான் சுலபமான தீர்வு.